தேனீ தந்த உமர் தம்பி

2003 வாக்கில் தமிழ் வலைப்பதிவுகள் பரவத் தொடங்கியபோது ஒரு பெரிய தலைவலி இருந்தது. எழுதுகிறவர் யூனிகோடில் எழுதுவார். படிக்கிறவருடைய விண்டோஸ் 98-ல் அதற்கான தமிழ் எழுத்துரு இருக்காது. திரை முழுக்கக் கட்டம் கட்டமாகத் தெரியும். திருப்பூர் மாதிரி ஊர்களில் பலருக்கும் பிரவுசிங் சென்டர்தான் கதி. மணிக்கணக்கில் காசு கொடுத்து உட்காருகிறவர், கடைக்காரர் கம்ப்யூட்டரில் எழுத்துருவை எங்கே போய் நிறுவுவது?

இதற்கு வழி செய்தவர்களில் முக்கியமானவர் அதிராம்பட்டினம் உமர் தம்பி (1953–2006). ஊரில் ரேடியோ பழுது பார்த்தவர். பிறகு துபாயில் கணினி வேலை. அவர் உருவாக்கிய ‘தேனீ’ இயங்கு எழுத்துருவை யாரும் நிறுவ வேண்டியதில்லை. வலைப்பதிவின் வார்ப்புருவில் சில வரிகளைச் சேர்த்தால் போதும், பக்கத்தோடு சேர்ந்து அதுவும் இறங்கிவிடும். இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் மட்டும்தான் வேலை செய்யும் என்பது ஒரு குறை. ஆனால் அன்றைக்குப் பெரும்பாலோர் கையில் இருந்தது அதுதானே!

வணிகவியல் கண்ணால் பார்த்தால், கேட்பவர்கள் காத்திருந்த சரக்கு இது. அவரோ இலவசமாகவே கொடுத்துவிட்டார்.

2010-ல் கோவை செம்மொழி மாநாட்டோடு நடந்த தமிழ் இணைய மாநாட்டில் ஓர் அரங்குக்கு அவர் பெயரை வைத்தார்கள். அதற்குள் விண்டோஸிலேயே தமிழ் வந்துவிட்டது. தேனீக்கு வேலை குறைந்திருந்தது.