வேட்டைத் துவக்கு குறி தவறுவது ஏன்?

நோர்வேயில் மூஸ் போன்ற பெரிய விலங்குகளை வேட்டையாடுபவர்கள் ஒவ்வோர் ஆண்டும் சூட்டுப் பரீட்சையில் தேறவேண்டும். 100 மீற்றர் தூரத்திலுள்ள விலங்கு உருவத்தில், 30 சென்ரிமீற்றர் விட்டமுள்ள வட்டத்துக்குள் 5 சூடுகளும் விழவேண்டும். அதற்கு முன் குறைந்தது 30 பயிற்சிச் சூடுகள் சுட்டிருக்கவேண்டும். காயப்பட்ட மூஸைத் தேடப் பயிற்றப்பட்ட நாயையும் முன்கூட்டியே ஒழுங்குசெய்திருக்கவேண்டும். நெஞ்சில் படவேண்டிய சன்னம் வயிற்றில் பட்டால், விலங்கு உடனே சாகாமல் மணிக்கணக்கில் வலியோடு அலையும் என்பதே இத்தனை கட்டுப்பாடுகளுக்கும் காரணம்.

எமது விவசாயிகள் பயிர்க்காவலுக்கு வைத்திருக்கும் சொட்கன் பல குண்டுகளை ஒன்றாக விசிறும். றைபிள் அப்படியல்ல. குழலின் உட்புறச் சுருள் பள்ளங்கள் ஒற்றைச் சன்னத்தைச் சுழற்றி அனுப்புகின்றன. சிறு குறையும் தூரத்தில் பெரிதாகத் தெரியும்.

சென்ற ஆண்டு நன்றாகச் சுட்ட றைபிள் இந்த ஆண்டு தவறினால், பலர் முதலில் குழலைத்தான் சந்தேகிக்கிறார்கள். ஆனால் இலகுவாகச் சோதிக்கக்கூடியவற்றிலிருந்து தொடங்குவதே முறை. ஒரு தடவையில் ஒன்றை மட்டும் மாற்றவேண்டும். இரண்டை மாற்றினால் எது குறை என்று தெரியாமலே போய்விடும்.

இலக்குத் தாள்

துவக்கை மேசையில் மணல் மூட்டைமேல் வைத்து, ஒரே புள்ளிக்கு 5 தடவை சுடுங்கள். துளைகள் நெருக்கமாக, ஆனால் புள்ளிக்கு விலகி இருந்தால் ஸ்கோப்பைத் திருத்தினால் போதும். துளைகள் சிதறியிருந்தால் ஸ்கோப்பைத் திருகிப் பயனில்லை, காரணத்தைத் தேடவேண்டும்.

திருகாணிகள்

தோட்டா இல்லை என்பதை உறுதிசெய்த பின், ஸ்கோப்பைப் பிடித்திருக்கும் திருகாணிகளையும், இரும்புப் பகுதியை மரக்கட்டையோடு இணைக்கும் திருகாணிகளையும் பாருங்கள். ஒவ்வொரு சூட்டின் அதிர்விலும் இவை சிறிது சிறிதாகத் தளரலாம். தயாரிப்பாளர் குறிப்பிட்ட அளவுக்கு மட்டும் இறுக்கவேண்டும். பின்னரும் சிதறினால், நன்றாக வேலைசெய்யும் வேறொரு ஸ்கோப்பைப் பூட்டிப் பார்க்கலாம்.

மரக்கட்டை

ஈரத்தில் மரம் ஊதி வளையும். அது குழலை ஒரு பக்கமாக அழுத்தினால் குறி மாறும். பல றைபிள்களில் குழல் கட்டையைத் தொடாமல் இருக்கும்; அவற்றில் இடையே ஒரு கடதாசித் துண்டு தடையின்றி நகரவேண்டும். சில வகைகளில் நுனியில் வேண்டுமென்றே தொடவிட்டிருப்பார்கள். அதை அறியாமல் மரத்தைச் சீவக்கூடாது.

தோட்டா

ஒரே அளவுத் தோட்டாவாயினும் தயாரிப்பும் சன்னத்தின் நிறையும் மாறினால் குறியும் மாறும். ஈயத்திலிருந்து செம்புக்கு மாறுபவர்கள் இதைக் கவனிக்கவேண்டும். செம்பு அடர்த்தி குறைந்தது. அதே நிறையுள்ள செம்புச் சன்னம் நீளமாக இருக்கும். குழலின் சுழற்சி அதற்குப் போதாவிட்டால் சன்னம் தள்ளாடும்.

குழல்

மெல்லிய குழல் சூடேறினால் குறி நகரலாம். மூன்று சூட்டுக்குப் பின் ஆறவிடுங்கள். ஆறிய குழலும் சிதறினால், உள்ளே படிந்த செம்பை அதற்குரிய திரவத்தால் நீக்குங்கள். சன்னம் கடைசியாகத் தொட்டுச் செல்லும் குழல்வாயின் விளிம்பையும் பாருங்கள். துப்புரவுக் கம்பி உராய்ந்து அது தேய்ந்திருந்தால் துவக்குத் திருத்துபவரே சீர்செய்யவேண்டும்.

சுடுபவர்

சத்தத்துக்கும் உதைப்புக்கும் பயந்து, சுடும் கணத்தில் உடல் தானாகவே நெளியும். நண்பர் ஒருவரிடம் கொடுத்து, உண்மைத் தோட்டாக்களோடு போலித் தோட்டாக்களையும் உங்களுக்குத் தெரியாமல் கலந்து போடச் சொல்லுங்கள். வெடிக்காத தடவையில் குழல்வாய் கீழே குத்தினால் குறை துவக்கில் இல்லை. அதற்குப் பயிற்சிதான் மருந்து.

இவை அனைத்தும் பார்த்த பின்னும் துளைகள் சிதறினால் துவக்கைத் திருத்துபவரிடம் ஒப்படைக்கவேண்டும். காரணம் தெரியும்வரை அந்தத் துவக்கோடு காட்டுக்குப் போகக்கூடாது. தாளில் தவறினால் இன்னொரு தாள் கிடைக்கும். விலங்கில் தவறினால் அதன் வேதனையைத் திருத்த முடியாது.