விளக்கைத் திருப்பிப் பாருங்க, ஒரு பேரு இருக்கும்

ஆடி மாதத் திருவிளக்கு பூஜை நெருங்குது. அதனால இந்த வாரம் நம்ம வீட்டு விளக்கோட வரலாற்றைக் கொஞ்சம் எழுதுறேன். பதிவு நீளம்தான், பொறுமையா படிங்க.

நம்ம முன்னோர்கள் நிறைய பேரு கங்காணி கூட்டிட்டு வந்து மலாயாவுக்கு வந்தவங்க. சென்னையிலயோ நாகப்பட்டினத்துலயோ கப்பலேறி, பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர்னு இறங்கினாங்க. 1926ல் கட்டின ரஜூலா கப்பல் பேரைப் பெரியவங்க சொல்லிக் கேட்டிருப்பீங்க. மேல்தட்டுல படுத்து வந்தவங்க கையில ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு துணி மூட்டை, அவ்வளவுதான். தோட்ட வேலைக்கு ஆள் அனுப்புறதை 1938ல் இந்திய அரசாங்கம் நிறுத்திடுச்சு.

அந்த மூட்டைக்குள்ளயும் சில பேரு ஒரு காமாட்சி விளக்கை வச்சுக் கொண்டுவந்தாங்க. மத்தவங்க இங்க வந்து, சம்பளத்துல மிச்சம் பிடிச்சு, டவுன் பாத்திரக்கடையில வாங்கினாங்க. விடியுமுன்ன பெரட்டுக்கு நின்னு, பால் மரம் வெட்டி, வாளி சுமந்த கைதான் வெள்ளிக்கிழமை புளியும் சாம்பலும் போட்டு விளக்கைத் தேய்ச்சது. லயத்து வீட்டுல பளபளன்னு மின்னுனது அது ஒண்ணுதான்.

பிறகு ஜப்பான்காரன் காலம், 1942ல இருந்து 1945 வரைக்கும். மரவள்ளிக்கிழங்கு தின்னு உயிர் பிழைச்சாங்க. சயாம் ரயில் வேலைக்குப் போன ஆம்பளைங்க பல பேரு திரும்பி வரல. 1969க்குப் பிறகு, குடியுரிமை இல்லாத ஆயிரக்கணக்கான பேரு வேலை பெர்மிட் கிடைக்காம ஊருக்குத் திரும்பிப் போனாங்க. அப்புறம் தோட்டங்களை வித்தாங்க, லயங்களை இடிச்சாங்க. நாம தாமானுக்கும் பிளாட்டுக்கும் வந்துட்டோம். இத்தனையையும் தாண்டி ஒரு விளக்கு உங்க வீட்டுல இருக்குன்னா, அது தானா இருக்கல. ஒவ்வொரு வாரமும் யாரோ ஒருத்தர் அதைக் கவனிச்சிருக்காங்க.

நான் வேலை பார்க்கிற இடத்துல மெஷினுக்கு சர்வீஸ் பண்ணினா புத்தகத்துல கையெழுத்து போடணும். விளக்குக்கு அப்படிப் புத்தகம் கிடையாது. பாட்டி விரல் பட்டுத் தேய்ஞ்ச இடம்தான் கையெழுத்து.

இதை ஏன் சொல்றேன்னா, அம்மா அப்பா காலமான பிறகு சில குடும்பங்கள் பழைய விளக்கையும் சாமி படத்தையும் கொண்டுவந்து கோவில் அரசமரத்தடியில வச்சுட்டுப் போயிடுறாங்க. தூக்கிப் போட மனசு வரல, வீட்டுல வைக்கவும் இடமில்ல. யாரையும் குறை சொல்லல. ஆனா சுத்தம் பண்ணும்போது விளக்கைத் திருப்பிப் பார்த்தா, அடியில புள்ளி புள்ளியா ஒரு பேரு வெட்டியிருக்கும். சீர் கொடுத்தவங்க பேரோ, ஊர்ப் பேரோ. தோட்டத்து ஜனங்க தங்களைப் பத்திப் புத்தகம் எழுதி வைக்கல. பல வீட்டுல எழுத்துல இருக்கிறது அந்தப் பேரு மட்டும்தான். மரத்தடிக்கு வந்த பிறகு அது யாருன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?

பராமரிப்பு கஷ்டமில்ல. பித்தளைங்கிறது செம்பும் துத்தநாகமும் கலந்தது. புளியில உள்ள புளிப்பு மேல படிஞ்ச கறுப்பைக் கரைக்கும். ஆனா ராத்திரி முழுக்க ஊற வைக்காதீங்க. புளிப்பு துத்தநாகத்தைத் தின்னுட்டா, செம்பு வெளிய தெரிஞ்சு சிவப்புத் திட்டு விழும். கம்பி நார் போட்டுத் தேய்க்காதீங்க, வெட்டின பேரு அழிஞ்சுபோகும். தேங்காய் நார் போதும். கழுவினதும் ஈரமில்லாம துடைச்சிடுங்க.

இந்த வெள்ளிக்கிழமை பிள்ளைங்களைப் பக்கத்துல உட்கார வச்சுத் தேய்க்கச் சொல்லுங்க. அடியில இருக்கிற பேரைப் படிச்சுக் காட்டி, அவங்க யாரு, எந்தத் தோட்டம்னு சொல்லுங்க. தெரியலைன்னா வீட்டுப் பெரியவங்க இருக்கும்போதே கேட்டு ஒரு தாள்ல எழுதி வைங்க. திருவிளக்கு பூஜைக்குப் புது விளக்கு வாங்கணும்னு அவசியமில்ல. அந்தப் பழைய விளக்கையே கொண்டுவாங்க. எண்ணெயும் திரியும் கோவில்ல நாங்க தர்றோம்.

அம்பாள் துணை.