கொல்லிமலையில் சமயப் பகையும் காய்ச்சலும்

தன் சமயமே மெய்யென்று கொண்டு பிறரைப் பணியவைக்கவோ அழிக்கவோ முனையும் போக்கான சமயத் தீவிரவாதம், உலகப் பேரிடர்களின் முன்வரிசையில் வைக்கத்தக்கதா என்ற வினாவுக்கு, நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையின் கடந்தகாலம் நேர்விடை தருவதில்லை. சங்கப் புலவர்கள் பாடிய கொல்லிப்பாவையை எட்டுக்கை அம்மனாக வழிபடும் மரபும் அறப்பளீசுவரரின் சைவமும் இம்மலையில் ஒருங்கே நிலைத்துள்ளன.

மலையில் பெரும்பான்மையினரான மலையாளிகள், அதாவது தமிழ் பேசும் மலைவாழ் பழங்குடியினர், தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்த வேளாளர் என்பர். முஸ்லிம் ஆட்சி ஓங்கியிருந்த காலத்தில் அவர்கள் மலையேறியதாக ஒரு வழக்கு கூறுகிறது. காஞ்சியில் இருக்க விரும்பாத கரிராமன் என்னும் தெய்வத்தைப் பின்தொடர்ந்து வந்ததாக மற்றொன்று கூறுகிறது. தெய்வத்தின் மனக்குறையே போதுமான காரணமாக இருந்த இடத்தில் மாற்றுச் சமயத்தார் ஆட்சியும் காரணமாகச் சொல்லப்பட்டிருப்பதால், முதல் வழக்கை மட்டும் கொண்டு சமய ஒடுக்குமுறை நிகழ்ந்ததென நிறுவ முயல்வது பொருந்தாது.

ஆவணப்பட்ட மோதல் இருபதாம் நூற்றாண்டினது. ஸ்ட்ரிக்ட் பாப்டிஸ்ட் மிஷன் என்னும் கிறித்தவ அமைப்பைச் சேர்ந்த ஜெஸ்ஸி பிராண்டும் அவர் மனைவி ஈவ்லினும் 1913இல் மணம்புரிந்து, சிற்றூர்த் தொகுதியை 'நாடு' என வழங்கும் இம்மலையின் வாழவந்திநாட்டில் குடியேறி, மருத்துவமும் மதப்பணியும் செய்தனர். மக்கள் மருந்துக்கு வந்தார்களே தவிர மதத்துக்கு வரவில்லை. உள்ளூர்ப் பூசாரி ஒருவரும் அவர்களைக் கடுமையாக எதிர்த்தார். இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட 1918-19ஆம் ஆண்டுகளின் இன்ஃபுளுவென்சா விஷக்காய்ச்சல் மலையையும் தாக்கியபோது, நோயுற்றோருக்கு அத்தம்பதியர் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தனர். மரணப்படுக்கையில் அப்பூசாரி தம் குழந்தைகளை அவர்களிடமே ஒப்படைத்தார். இச்செய்தி மிஷனரி தரப்பின் எழுத்துகளிலேயே கிடைக்கிறது. பூசாரியின் தரப்பை எழுதிவைத்தார் எவருமிலர் என்பதால், அவருடைய எதிர்ப்பை வெறும் மூர்க்கமெனத் தள்ளிவிடலாகாது. தம் வழிபாட்டையும் அதைச் சார்ந்த அதிகாரத்தையும் இழக்க நேருமென்ற அச்சம் காரணமற்றதன்று. மலையில் உயிர்களைக் கொண்டுபோனது காய்ச்சல்தான்: ஜெஸ்ஸியும் 1929இல், மலேரியா முற்றிச் சிறுநீர் கறுக்கும் கருநீர்க் காய்ச்சலால் இறந்தார்.

ஆயினும் பிணக்கணக்கு ஒன்றே அளவுகோலாகாது. கோயம்புத்தூரில் 1997 நவம்பரில் காவலர் ஒருவர் கொலையுண்டதை அடுத்த கலவரத்தில் முஸ்லிம்கள் 18 பேர் மாண்டனர். அதற்குப் பழியாக நிகழ்ந்த 1998 பிப்ரவரி 14 தொடர்குண்டு வெடிப்புகளில் 58 பேர் இறந்தனர். கொள்ளைநோயின் பலியோடு ஒப்பிட இவ்வெண்கள் சிறியவை. ஆனால் அவை நகரின் கடைவீதிகளில் அண்டை வீட்டாரிடையே விளைத்த ஐயம் இறந்தோர் எண்ணிக்கையில் அடங்குவதன்று. கொல்லிமலைப் பூசாரியிடம் அமைப்போ பணமோ வெடிமருந்தோ இல்லை; அவர் எதிர்த்தவர்களோ மருந்துப்பெட்டியோடு அதே ஊரில் வாழ்ந்தவர்கள். கோயம்புத்தூரில் அமைப்பும் பணமும் வெடிமருந்தும் இருந்தன, ஒரே ஊரில் கூடிவாழும் உறவோ குலைந்திருந்தது.