தொப்பியில்லாத காவலர்

1897 செப்டம்பர் 10 அன்று, லண்டன் பாண்ட் தெருவில், ஜார்ஜ் ஸ்மித் என்ற ஓட்டுநர் தமது மின்சார வாடகை வண்டியைக் கட்டிடமொன்றில் மோதினார். குடித்திருந்ததை ஒப்புக்கொண்டார், அபராதம் கட்டினார். வழக்கு முடிந்தது.

பின்வந்தோர் அவ்வளவு எளிதில் ஒப்புக்கொள்ளவில்லை. 1967 வரை பிரிட்டனில் வண்டியைச் சரிவர ஓட்டும் நிலையில் ஒருவர் இருந்தாரா என்பதே கேள்வி. காவல்துறை மருத்துவரின் அபிப்பிராயமும், கோட்டின்மேல் நடக்கவைத்துப் பார்த்ததும் முக்கியச் சான்றுகள். ஜூரிகளோ, நாளை நமக்கும் இதே கதிதானே என்று இரங்கினர்.

அவ்வாண்டு அக்டோபரில் மூச்சுச் சோதனை வந்தது. 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 80 மில்லிகிராம் ஆல்கஹால் என்பது எல்லை. எண்ணோடு எப்படி வாதிடுவது? வழக்கறிஞர்கள் நடைமுறையைப் பிடித்துக்கொண்டனர். சோதிப்பவர் சீருடையில் இருக்கவேண்டும் என்றது சட்டம். தொப்பியணியாத காவலர் சீருடையில் இருப்பவர்தாமா என்று மேல்முறையீடே நடந்தது! (ஆம் என்பது தீர்ப்பு.)

சிரிப்பு வரலாம், ஆனால் அவ்வாதத்தில் பொய்யில்லை. தான் வகுத்த விதியை அரசும் மதிக்கவேண்டும் என்று கேட்பது வழக்கறிஞரின் கடமை என்றே கருதுகிறேன்.

வேறொரு வாதமும் கிளம்பிற்று: 'விபத்துக்குப் பிறகே, நடுக்கம் தீரப் பிராந்தி குடித்தேன்.' அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் முன்பே குடித்ததாகக் கட்சிக்காரர் தம்மிடம் சொல்லியிருக்க, அவரைக் கூண்டிலேற்றி இதைச் சொல்லவைப்பதை ஆங்கில வழக்கறிஞர்களின் தொழில்நெறி அனுமதிப்பதில்லை. சான்றின் ஓட்டையைக் காட்டலாம், கதை புனையலாகாது. ஆயினும் அறைக்குள் பேசியதை யாரறிவார்? 1988ஆம் ஆண்டுச் சட்டப்படி, பிறகே குடித்தார் என்று நிரூபிக்கும் சுமை குற்றஞ்சாட்டப்பட்டவருடையது.