கன்னிக் கொய்த்துக்கும் முண்டகன் நடவுக்கும் நடுவே

கோயம்புத்தூரிலிருந்து வாளையாறு வழியாக மேற்கே போகிறவர்கள் கண்ணில் கஞ்சிக்கோடு முதலில் தொழிற்பேட்டையாகத்தான் படும். நெடுஞ்சாலையின் இருபுறமும் இரும்பு ஆலைகள், கிடங்குகள், வரிசைகட்டி நிற்கும் சரக்கு லாரிகள். சாலையை விட்டிறங்கி புதுச்சேரி, எலப்புள்ளி பஞ்சாயத்துகளின் உட்பகுதிக்குத் திரும்பினால் வேறொரு ஊர் தெரியும். வரப்பில் கரும்பனைகள், அவற்றுக்கு நடுவே சின்னச் சின்னக் கண்டங்களாக நெல் வயல், வடக்கே மலை. புரட்டாசி பிறக்கும்போது அந்த நெல் பழுத்து நிற்கும். இந்த வீடுகளில் தமிழ் மாதமும் மலையாள மாதமும் சேர்ந்தே புழங்கும். புரட்டாசிக்கு இங்கே கன்னி மாதம் என்றும் பெயர். வருடத்தில் வேறெப்போதும் இல்லாத அவசரம் அந்த மாதத்தில்தான் சிறு விவசாயியின் வீட்டுக்குள் வரும்.

மேற்குத் தொடர்ச்சி மலை இந்த இடத்தில் 30 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட அகலத்தில் கணவாயாகத் திறந்து கிடக்கிறது. அதனால் இந்த மண்ணுக்கு இரண்டு மழை. ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து வருவது இடவப்பாதி. ஐப்பசியில் மாலை இடியோடு வருவது துலாவர்ஷம். முதல் மழையை நம்பி விரிப்பு, இரண்டாவதை நம்பி முண்டகன் என்று நெல்லும் இரண்டு போகம். சித்திரையில் கோடை மழை ஈரம் கண்டதும் புழுதியில் பொடிவிதையாக விதைத்த விரிப்பு, கன்னியில் அறுப்புக்கு வரும். அதே கண்டத்தில் கன்னி, துலாம் மாதங்களுக்குள் முண்டகன் நாற்று ஊன்றியாக வேண்டும். அது தை மாதத்தில், மகரக் கொய்த்தாக (கொய்த்து என்றால் அறுப்பு) வீடு சேரும். ஒன்றை அறுத்து மற்றொன்றை நடுவதற்குக் கிடைப்பது சில வாரங்கள்தான்.

அந்தச் சில வாரங்களை நீட்ட முடியாமல் போனதற்குக் காரணம் சூரியன். சிற்றேனி போன்ற பழைய முண்டகன் நெல் வகைகள் பகல் குறுகத் தொடங்கிய பிறகே கதிர் தள்ளும். முன்னால் நட்டாலும் பின்னால் நட்டாலும் அவை பூக்கும் காலம் பெரிதாக மாறாது. எனவே நடவு பத்து நாள் தள்ளிப்போனால், பயிர் தூர் கட்டி வளர்வதற்கான பத்து நாள் அப்படியே பறிபோகும். பாலக்காட்டில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரம்தான். அதை மனிதர் உணர்வது அரிது, நெல் உணர்ந்துவிடும். பருவத்தை 27 ஞாற்றுவேலைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பதின்மூன்று பதினான்கு நாள் என்று கணக்கு வைத்து, அத்தம் ஞாற்றுவேலை பிறப்பதற்குள் எது முடிந்திருக்க வேண்டும் என்று பேசிக்கொண்ட பெரியவர்கள், பயிரின் இந்தக் குணத்தைத் தலைமுறை தலைமுறையாகப் பார்த்துப் பழகியவர்கள்.

கன்னிக்கு முந்திய மாதங்களைச் சொல்லாமல் கன்னியின் அவசரம் புரியாது. கர்க்கடகம், அதாவது ஆடி, இங்கே பஞ்சமாதம் என்றே பெயர் வாங்கியது. விடாத மழையில் கூலி வேலை கிடையாது. மகரத்தில் நிரப்பிய பத்தாயம் அடி தெரியும். இருப்பவரிடம் நெல்லைக் கடன் வாங்கி, கன்னிக் கொய்த்தில் வட்டி நெல்லோடு திருப்பித் தருவதுதான் சிறு குத்தகைக்காரர் வீட்டு வழக்கமாக இருந்தது. அந்தப் பசியின் விளிம்பில் வருவது நிறபுத்தரி. முதலில் பால் முற்றிய கதிர்கள் சிலவற்றை அறுத்து வந்து, ஆல், அரசு, மா, பலா, நெல்லி போன்ற இலைகளோடு சேர்த்துக் கட்டி, வீட்டு உத்தரத்திலும் பத்தாயத்திலும் தொங்கவிடுவார்கள். சபரிமலையிலும் குருவாயூரிலும் இன்று பெருங்கூட்டத்தோடு நடக்கும் இந்தச் சடங்கு, வயல் வீட்டில் அடுப்போடு சம்பந்தப்பட்டது. இன்னும் சில வாரத்தில் சோறு உண்டு என்பதற்கு அந்தக் கதிர்தான் சாட்சி.

இந்த வயல்களில் யார் வேலை செய்தார்கள், விளைந்தது யாருக்குப் போனது என்பதற்கு ஒரு பழைய சாட்சியம் இருக்கிறது. பிரான்சிஸ் புக்கானன் என்ற கம்பெனி மருத்துவர் 1800 நவம்பர் இறுதியில் கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து இந்தக் கணவாய் வழியாகப் பாலக்காட்டுக்குள் வந்தார். திப்புவிடமிருந்து பறித்த நாடுகளின் விவசாயத்தையும் வாணிபத்தையும் எழுதி வைக்க அனுப்பப்பட்டவர். அவருடைய பயணநூல் 1807-இல் வெளியானது. பாலக்காட்டு நிலத்தின் அழகை வியந்து எழுதிய அதே கையால், அந்த நிலத்தை உழுத செறுமர்களின் நிலைமையையும் அவர் பதிந்தார். நிலத்தைப் போலவே மனிதர்களையும் மூன்று வகையில் கைமாற்றினார்கள்: ஜன்மம் என்று விற்றார்கள், காணம் என்று அடகு வைத்தார்கள், பாட்டம் என்று வாடகைக்கு விட்டார்கள். பாட்டத்துக்குப் போகும் ஆணுக்கு ஆண்டுக்கு 8 பணம், பெண்ணுக்கு அதில் பாதி. அந்த வாடகையும் உழைத்தவர் கைக்கு வராது, உடையவருக்குப் போகும். 1843-ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் இந்தியாவில் அடிமை முறைக்கு இருந்த சட்டப் பாதுகாப்பை எடுத்துவிட்டது. வயலில் அது நடைமுறையாக வெகுகாலம் பிடித்தது. கன்னிக் கொய்த்தைப் பற்றிய இனிய நினைவுகள் எழுதப்படும்போதெல்லாம் இந்த மூன்று சொற்களையும் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நிலத்தின் அளவே நெல்லில்தான் இருந்தது. நான்கு நாழி ஓர் இடங்கழி, பத்து இடங்கழி ஒரு பறை. இத்தனை பறை விதைக்கும் நிலம் என்றுதான் கண்டத்தின் பரப்பைச் சொன்னார்கள். பாட்டமும் பறையில், கடனும் பறையில், கூலியும் பறையில். கொய்தவர்களுக்குக் கிடைத்த பங்குக்குப் பதம்பு என்று பெயர். அது களத்திலேயே அளந்து கொடுக்கப்படும். ஆகவே கன்னியில் களத்துக்கு வந்த நெல், பத்தாயத்துக்குப் போவதற்கு முன்பே பல கைகளுக்குப் பிரிந்துவிடும்.

அன்றெல்லாம் கன்னி நாள் ஒன்று எப்படிப் போகும்? விடியலில் மாட்டைக் கட்டுமாற்றி, பழங்கஞ்சி குடித்து, பனி காயும் முன்பே அரிவாளோடு கண்டத்தில் இறங்கியாக வேண்டும். பெண்கள் வரிசையாகக் குனிந்து கொய்ய, பின்னால் வருபவர்கள் கற்றை கட்டுவார்கள். வெயில் ஏறுவதற்குள் கற்றைகள் தலைச்சுமையாகக் களம் சேரும். (கிழக்குப் பாலக்காட்டில் களம் என்றால் நெல்லடிக்கும் முற்றம் மட்டும் ஆகாது, அதை ஒட்டிய பண்ணை வீடும் சேர்த்துத்தான்.) கன்னி வெயில் கொடியது, ஆனால் நம்ப முடியாதது. மேகம் கூடினால் முற்றத்தில் காயும் நெல்லை வாரி உள்ளே போட வீட்டில் நடக்கத் தெரிந்த அத்தனை பேரும் ஓட வேண்டும். விரிப்பு வைக்கோல் மழையில் நனைந்து கறுத்துப்போவது சாதாரணம். மாட்டுக்கு நல்ல வைக்கோல் மகரத்தில்தான்.

இதற்கிடையில் அறுத்த கண்டத்தில் தண்ணீர் கட்டி, தாளை மடக்கி உழுது சேறாக்கும் வேலை தொடங்கியிருக்கும். நாற்றங்கால் ஏற்கெனவே தயாராகியிருக்கும். இரவில் ஓய்வு என்று பேர்தான். பாலக்காட்டு மட்டை அரிசி புழுக்கி எடுத்த அரிசி. பெரிய செம்பில் நெல்லை வேகவைத்து, ஆறவிட்டு, மறுநாள் காயப்போடுவது வரை பெண்களின் கணக்கில் சேரும். பகலெல்லாம் கொய்தவர்களே இரவில் அடுப்பருகே இருந்தார்கள். எந்தக் குத்தகைச் சீட்டிலும் இந்த வேலையைப் பற்றி ஒரு வரிகூடக் கிடையாது.

உழவுக்கு மாடு கிழக்கிலிருந்து வந்தது. பொள்ளாச்சிச் சந்தை செவ்வாய், வியாழனில் கூடும். அங்கே வாங்கிய மாடுகள் கணவாய் வழியே மேற்கில் குழல்மன்னம், வாணியம்குளம் சந்தைகள் வரை போயின. 1862-இல் போத்தனூரிலிருந்து பட்டாம்பி வரை ரயில் பாதை திறந்து, சென்னையும் மேற்குக் கடற்கரையும் இணைந்தபின் கஞ்சிக்கோடு அந்தப் பாதையின் ஓரத்து ஊரானது. அதன் பிறகும் மாடுகள் சாலையில் நடந்தே வந்துகொண்டிருந்தன.

இந்த ஊர் நெடுங்காலம் சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. 1956 நவம்பர் 1-இல்தான் கேரளத்தோடு சேர்ந்தது. அதற்குச் சற்று முன்பு சென்னை அரசு இந்த வயல்களுக்குச் செய்துவிட்டுப் போன பெரிய காரியம் மலம்புழா அணை. 1949-இல் வேலை தொடங்கி 1955-இல் முதலமைச்சர் காமராஜர் திறந்து வைத்தார். வாளையாறு அணை 1964-இல் முடிந்தது. கால்வாய் நீர் வந்ததும் துலாவர்ஷம் பொய்த்தால் முண்டகன் போச்சு என்ற பயம் பெருமளவு தணிந்தது.

பகலின் நீளத்துக்குக் கட்டுப்பட்ட நெல்லும் சீக்கிரமே மாறியது. பட்டாம்பி நெல் ஆராய்ச்சி நிலையம் 1927-இல் தொடங்கியது. உள்ளூர் வயல்களின் நெல்லைத் திரட்டி, தேர்ந்து, பி.டி.பி. என்ற எழுத்தும் ஓர் எண்ணும் இட்டது. தெக்கன் சீராவுக்கு பி.டி.பி. 10. அதையும் பிலிப்பைன்ஸின் ஐ.ஆர். 8-ஐயும் கலந்து 1974-இல் வெளிவந்த ஜோதி, நாலு மாதத்துக்குள் விளையும். பகல் குறுகும்வரை காத்திருக்காது. சிவந்த அரிசி, புழுக்கினால் நல்ல சோறு. இரண்டு போகத்துக்கும் ஒரே விதை என்பது சிறு விவசாயிக்குப் பெரிய விடுதலை. கடனும் திரும்பிப் போயிற்று என்று சொல்லலாம்: புகையான் பூச்சியைத் தாங்கும் குணத்துக்காக பி.டி.பி. 33-ஐ உலகின் நெல் ஆராய்ச்சியாளர்கள் இன்றும் எடுத்தாள்கிறார்கள்.

குடும்பப் பண்ணை என்று இன்று நாம் காணும் உருவம் உண்மையில் 1970-க்குப் பிறகு பிறந்தது. திருத்தப்பட்ட கேரள நிலச் சீர்திருத்தச் சட்டம் அந்த ஆண்டு ஜனவரி 1-இல் நடைமுறைக்கு வந்து குத்தகை முறையையே ஒழித்தது. அக்ரகாரத்துக்கும் தறவாட்டுக்கும் பாட்டம் அளந்துவந்த குடும்பங்கள் முதன்முறையாகக் கன்னி நெல்லைத் தங்கள் பத்தாயத்திலேயே கொட்டின. ஆனால் கொய்தவர்களுக்கு வயல் கிடைக்கவில்லை. பஞ்சாயத்துப் பகுதிகளில், பிறர் நிலத்தில் குடிசை போட்டு வாழ்ந்த குடிகிடப்புக்காரருக்கு, குடியிருந்த இடத்தைச் சேர்த்துப் பத்து சென்ட் வரைதான் உரிமை. 1974-இல் வந்த விவசாயத் தொழிலாளர் சட்டம் வேலைக்கும் கூலிக்கும் பாதுகாப்புத் தந்தது, மண் தரவில்லை. புக்கானன் கண்டவர்களின் வழிவந்தவர்கள் பலர் வரப்புக்கு அந்தப்பக்கமே நின்றுவிட்டார்கள் என்பது இந்தச் சீர்திருத்தத்தின் மிகப் பெரிய குறை.

அவர்களின் பிள்ளைகள் வயலைவிட்டு வெளியேறியதில் வியப்பில்லை. கஞ்சிக்கோட்டு ஆலைகள் ஒரு காரணம், பள்ளிக்கூடம் இன்னொன்று. கேரளத்தின் நெல் பரப்பு 1970-களின் நடுவில் 8.8 லட்சம் ஹெக்டேர். இப்போது சுமார் 2 லட்சம். மிஞ்சியதில் மிகப் பெரிய பங்கு பாலக்காட்டில்தான். 2008-இல் நெல்வயல், நீர்நிலப் பாதுகாப்புச் சட்டம் வந்திராவிட்டால் இந்த எண் இன்னும் சிறுத்திருக்கும்.

இன்று கன்னியில் வயலில் கேட்கும் பேச்சு வங்காளம்: நடவுக்கு வருபவர்கள் மேற்கு வங்கத் தொழிலாளர்கள். அறுப்பு இயந்திரங்கள் தமிழ்நாட்டிலிருந்து வருகின்றன. எந்தக் கண்டம் முதலில் என்பதை வயல்காரர்களின் கூட்டமைப்பான பாடசேகர சமிதி பேசி முடிவுசெய்யும். ஒருவர் வயல் பழுத்தும் பக்கத்து வயல் பச்சையாக இருந்தால் இயந்திரம் இறங்காது, ஆகவே எல்லோரும் ஒரே நாளை ஒட்டி விதைத்தாக வேண்டியிருக்கிறது. நெல்லை 2005-06 முதல் மாநில அரசின் சப்ளைகோ கொள்முதல் செய்கிறது. அந்தப் பணம் கணக்கில் ஏறத் தாமதமாகும்போது முண்டகனுக்கான உரமும் உழவுக் கூலியும் மறுபடி கடனில்தான். கர்க்கடகத்துக் கடன் இப்போது கன்னிக்கு நகர்ந்து வந்திருக்கிறது.

இரவுக் காவல் மட்டும் பழையபடி. வாளையாற்றுக் காட்டிலிருந்தும் மலம்புழா மலையிலிருந்தும் யானைகள் நெல் பழுக்கும் நாளில் இறங்கி வருகின்றன. தோணி என்ற ஊரில் வயலையும் வீட்டையும் கலங்கடித்த பி.டி. 7 என்ற கொம்பனை வனத்துறை 2023 ஜனவரி 22-இல் மயக்க ஊசி போட்டுப் பிடித்தது. மற்றவை வருவது நிற்கவில்லை. மின்வேலி, பட்டாசு, டார்ச் விளக்கு, தூக்கமில்லாத ஓர் ஆள் என்று விளிம்பு வயல்களின் கன்னிச் செலவில் இதுவும் ஒன்று.

மழைக் கணக்கும் உறுதியாக இல்லை. 2016-இல் இடவப்பாதி பெரிதும் குறைந்து, துலாவர்ஷமும் கைவிட்டது. அக்டோபர் 31-இல் கேரளம் முழுவதும் வறட்சி மாநிலமாக அறிவிக்கப்பட்டது. விரிப்பைக் கொய்த பல குடும்பங்கள் முண்டகனுக்கு விதை எடுக்கவே தயங்கிய ஆண்டு அது. முண்டகன் நடவின் நாளை இன்று முடிவு செய்வது பெரும்பாலும் அணை. மலம்புழாவில் எத்தனை நாளுக்கு நீர் இருக்கிறது, கால்வாயை எந்தத் தேதியில் திறப்பது என்று பாசன ஆலோசனைக் குழு கூடிப் பேசும். கால்வாயின் கடைமடையில் இருப்பவர்கள், நீர் தங்கள் கண்டத்துக்கு வந்துசேர இன்னும் எத்தனை நாள் ஆகும் என்பதையும் அதோடு கூட்டி, நாற்றங்காலில் விதை போடும் நாளைக் குறிக்கிறார்கள்.