மாண்டவர் மாண்டவரே

வீடியோ ஆட்டத்தில் ஒருமுறை இறந்த பாத்திரம் கடைசிவரை திரும்பாது என்ற விதியை விளையாடுவோர் 'பெர்மாடெத்' என்கிறார்கள். 1980-இல் வந்த 'ரோக்' ஆட்டத்தில் செத்தால் முதலிலிருந்துதான் தொடங்க வேண்டும். 1981-இல் வந்த 'விசார்ட்ரி'யில் இறந்தவரைக் கோயிலுக்குத் தூக்கிச் சென்று, காசு கட்டி உயிர்ப்பிக்கப் பார்க்கலாம். அது தவறினால் உடல் சாம்பலாகும். மறுபடியும் தவறினால் ஆளே இல்லை. இந்த விதி வியூக ஆட்டங்களில் வேர்பிடித்தது ஜப்பானில்.

இன்டெலிஜென்ட் சிஸ்டம்ஸ் நிறுவனம் 1988-இல் நின்டெண்டோவின் ஃபாமிகாம் கருவிக்காக 'ஃபாமிகாம் வார்ஸ்' ஆட்டத்தை உருவாக்கியது. அதில் டாங்கிக்கும் காலாட்படைக்கும் பெயர் கிடையாது. ஒன்று அழிந்தால் பணம் கொடுத்து இன்னொன்றை இறக்கலாம். 1990 ஏப்ரல் 20 அன்று வெளியான முதல் 'ஃபயர் எம்ப்ளம்' அந்தக் கணக்கை மாற்றியது. அதை வடிவமைத்த ஷோசோ காகா வீரர் ஒவ்வொருவருக்கும் பெயரும் முகமும் தனித்தனி வளர்ச்சியும் கொடுத்தார். இளவரசன் மார்த் விழுந்தால் ஆட்டம் முடிந்தது. மற்றவர்கள் விழுந்தால் ஆட்டம் அவர்கள் இல்லாமல் நடக்கும்.

அந்த இழப்பு எப்படிப்பட்டது என்பதற்கு ஷீடா நல்ல உதாரணம். பறக்கும் குதிரையில் வரும் இந்த இளவரசி மலையையும் ஆற்றையும் தாண்டுவாள். ஆனால் அம்புக்கு எளிதில் பலியாவாள். மூன்றாம் அத்தியாயத்தில் கொள்ளையரோடு நவார் என்ற வாள்வீரன் எதிர்ப்படுகிறான். ஷீடா அவன் அருகில் போய்ப் பேசினால் கட்சி மாறி வந்துவிடுவான். அவள் முன்பே இறந்திருந்தால் பேச ஆள் இல்லை. அவனைக் கொன்றுதான் கடக்க வேண்டும். ஒரு மரணம் இரண்டு இழப்பாகிறது.

காகா இதற்கு ஈடும் வைத்திருந்தார். சேர்த்துக்கொள்ளக்கூடியவர்கள் 50 பேருக்கு மேல். களத்தில் இறங்குவோர் அதில் ஒரு பகுதிதான். இறுதிக்கு அருகில் கிடைக்கும் மந்திரக்கோல் ஒன்று இறந்தவர்களில் ஒரே ஒருவரை மீட்கும். யாரை என்று தேர்ந்தெடுப்பது ஆட்டத்தின் மிகக் கடினமான முடிவுகளில் ஒன்று. சிலரை இழந்தபடியே முன்னேறுவதுதான் இயல்பு என்று கருதி அமைத்த ஆட்டம் இது.

விளையாடியவர்களில் பலர் அதற்கு இணங்கவில்லை. ஆள் விழுந்ததும் கை ரீசெட் பொத்தானுக்குப் போயிற்று. அரைமணி, ஒருமணி நேர உழைப்பை விட்டுவிட்டு அத்தியாயத்தை மறுபடி தொடங்கினார்கள். மரணத்தை ஏற்பது ஆட்டத்தின் விதியாக இருந்தும், நடைமுறையில் அது விளையாடுபவரின் மன உறுதியைப் பொறுத்ததாகிவிட்டது.

மரணம் அநியாயமாகப் படுவதற்கு நிகழ்தகவும் காரணம். எதிரியின் தாக்குதல் படும் வாய்ப்பு 10 சதவீதம் என்று திரை காட்டும். அதுவே பட்டு, மும்மடங்கு சேதம் தரும் அடியாகவும் அமைந்துவிடும். 2002-இல் கேம் பாய் அட்வான்ஸுக்கு வந்த பாகத்திலிருந்து இரண்டு எண்களின் சராசரியை எடுக்கும் முறை வந்தது. திரையில் 90 என்றால் உண்மையில் ஏறத்தாழ 98. 10 என்றால் ஏறத்தாழ 2. மனம் எதிர்பார்ப்பதற்குச் சதவீதத்தை நெருக்கிக் கொண்டுவந்த ஏற்பாடு இது.

2008-இல் முதல் ஆட்டம் நின்டெண்டோ டிஎஸ் கருவிக்காகப் புதுப்பிக்கப்பட்டபோது வடிவமைப்பாளர்கள் எதிர்த்திசையில் போனார்கள். சாதாரண நிலையின் முன்கதையில், இளவரசன் தப்பிக்க ஒரு வீரனை எதிரிக்கு இரையாக அனுப்பியே ஆக வேண்டும். சில துணை அத்தியாயங்கள் படையில் 15 பேர் அல்லது அதற்கும் குறைவாக இருந்தால்தான் திறக்கும். எல்லோரையும் காப்பாற்றியவருக்கு அந்தக் கதவுகள் மூடியே இருந்தன. கவனமாக ஆடியவர்களைத் தண்டித்த தவறான ஏற்பாடு இது. இழப்பை ஏற்கப் பழக்குவது வேறு, இழக்கச் சொல்வது வேறு.

2010-இல் ஜப்பானில் வந்த அடுத்த டிஎஸ் பாகத்தில் 'கேஷுவல்' முறை சேர்ந்தது: விழுந்தவர் அடுத்த அத்தியாயத்தில் திரும்பி வருவார். 2,50,000 பிரதிகளாவது விற்காவிட்டால் தொடரே நின்றுவிடும் என்ற நிலையில் 2012-இல் வந்த 'அவேக்கனிங்' பழைய நிரந்தர மரண முறை, 'கேஷுவல்' முறை இரண்டையும் தந்து, 10 லட்சத்தைத் தாண்டி விற்றது. 2015-இல் 'ஃபேட்ஸ்' தந்த முறைகளில் ஒன்று விழுந்தவரை அடுத்த சுற்றிலேயே எழுப்பியது.

மேற்கிலும் இதே கேள்வி இருந்தது. 1994-இல் ஜூலியன் கோலப்பும் அவர் சகோதரரும் உருவாக்கிய 'எக்ஸ்-காம்' ஆட்டத்தில் வீரர்களுக்கு விரும்பிய பெயர் வைக்கலாம். நண்பர்களின் பெயரை வைத்தவர்கள் அவர்களையே களத்தில் பறிகொடுத்தார்கள். 2012-இல் வந்த, ஃபிராக்சிஸ் உருவாக்கிய 'எக்ஸ்காம்' இறந்தவர்களுக்கு நினைவுச் சுவர் எழுப்பியது. அதன் 'அயர்ன்மேன்' முறையில் ஒரே ஒரு சேவ் கோப்புதான். அது தானாகவே மேலெழுதப்படும், பின்வாங்க வழியில்லை.

'ஃபயர் எம்ப்ளம்' வேறு வழியில் போனது. 2017-இல் வந்த பாகத்திலும் 2019-இன் 'த்ரீ ஹவுசஸ்' ஆட்டத்திலும் காலத்தைச் சில நகர்வுகள் பின்னுக்கு ஓட்டலாம், ஒரு போருக்கு இத்தனை முறை என்ற வரம்போடு. ரீசெட் பொத்தான் செய்த வேலை இப்படி ஆட்டத்துக்குள்ளேயே வந்தது. மரணம் நிரந்தரமான 'கிளாசிக்' முறையில் ஆடுபவருக்கு அந்த வரம்பு தீர்ந்த பிறகு விழும் வீரர் 1990-இல் போலவே திரும்புவதில்லை.