விசுவாசம்

காரைக்குடியில் ஓர் ஆச்சி 'விசுவாசமான ஆளு' என்றால், அது செய்கைக்குத் தரும் சான்று. சாவிக்கொத்தை நம்பிக் கொடுக்கலாம். மழை தூறினால் முற்றத்து வற்றலைச் சொல்லாமலே அள்ளி வைப்பார்.

'மூச்சுவிடு' என்று பொருள்படும் வடமொழி வேரில் பிறந்த சொல் இது.

கிறிஸ்தவத்தில் இறைவன்மேல் வைக்கும் விசுவாசத்தைப் பற்றிப் பெரும் வழக்கே நடந்தது. 1522-இல் விவிலியத்தின் ரோமர் நிருபத்தை ஜெர்மனில் பெயர்த்த சமயச் சீர்திருத்தவாதி லூத்தர், மீட்பு விசுவாசத்தால் 'மட்டுமே' எனத் தாமாக ஒரு சொல் சேர்த்தார். யாக்கோபு நிருபமோ செயலற்ற விசுவாசத்தைச் செத்ததென்கிறது. கத்தோலிக்கரும் லூத்தரன்களும் 1999 அக்டோபர் 31-இல், ஆக்ஸ்பர்க்கில் ஓர் உடன்பாட்டில் ஒப்பமிட்டார்கள்: மீட்பு இறையருளால், நற்செயல் அதன் கனி.

தமிழில் 1995-இல் வந்த விவிலியப் பொது மொழிபெயர்ப்பு இச்சொல்லை 'நம்பிக்கை' என்கிறது. எளிய சொல்தான், ஆனால் அதில் உழைப்பின் வாடை குறைவு. 'விசுவாசம்' நம்பிக்கை, உழைப்பு இரண்டையும் சுமக்கிறது.